‘குருசிபிள்’ நாடகம்: அபிகேலுக்கும் டான்போர்த்துக்கும் உண்மையில என்ன வேணும்?

கல்லடிப்பாலம்:

வணக்கம். 1692இல சேலம் எண்ட அமெரிக்க ஊரில நடந்த சூனிய வழக்குகளை வைச்சு ஆர்தர் மில்லர் எழுதின ‘த குருசிபிள்’ நாடகத்தைத் தமிழில ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சுருக்கி ஒத்திகை பார்க்கிறம். நடிக்கிறதில அரைவாசிப் பேர் வடமோடிக் கூத்து ஆடிப் பழகின பிள்ளைகள். குரலும் உடம்பும் நல்லம், பாத்திரத்தின்ட நோக்கம்தான் பிடிபடுதில்ல. மற்றவங்க மேல சூனியக் குற்றம் சுமத்துற பெட்டை அபிகேல் மேடைக்கு வரக்குள்ளயே வில்லி. நீதிபதி டான்போர்த் கொலுவுக்கு வந்த துரியோதனன். அபிகேலோட கள்ள உறவு வைச்சிருந்த விவசாயி புரொக்டர் இரண்டாம் அங்கத்திலயே தியாகியாகிட்டார்.

இன்னும் ரெண்டு விசயம். நேரம் காணாது எண்டு புட்னம், கோரி எண்ட ஊர்க்காரர்ட காணி, மரச் சண்டையை வெட்டிட்டம். ஏதும் பாதிப்பு வருமா? மற்றது, பொம்மைக்குள்ள ஊசி எடுக்கிற இடம். மந்திரத்தால ஆளைப் பாயோட ஒட்டவைக்கிற ஊர் எண்டு பேர் வாங்கின மட்டக்களப்பில, புரொக்டர்ட பெண்சாதி எலிசபெத் உண்மையாவே செய்வினை செய்தவ எண்டு சனம் நினைச்சா நாடகம் கவிழ்ந்திடும்.

வட்டக்களரி:

தம்பி, கூத்துப் பழகின பிள்ளைகளுக்கு இது வரத்தான் செய்யும். கட்டியகாரன் சொல்லி, வரவுப்பாட்டுப் பாடி, வாறது யார், குணம் என்ன எண்டது களரிக்குள்ள வந்த உடனே தெரிஞ்சிடும். மில்லர் அப்படி எழுதல்ல. அபிகேலுக்கு வேண்டியது முதலாம் அங்கத்துக்குள்ளயே மூண்டு தரம் மாறுது.

தொடக்கத்தில அவளுக்குத் தப்பினாப் போதும். காட்டில ஆடினதை மாமன், பாதிரியார் பாரிஸ் கண்டிட்டார். சூனியம் எண்டு முடிவானாத் தூக்கு. புரொக்டர்ட பெண்சாதி சாகவேணும் எண்டு அபிகேல் இரத்தம் குடிச்சதை பாரிஸ்ட மகள் பெட்டி வாய்விட்டுச் சொன்ன உடனே அவளை அறையிறதும், மற்றப் பிள்ளைகளை வெருட்டுறதும் பயத்திலதான். பிறகு புரொக்டர் தனிய அகப்படக்குள்ள ஒரு அன்பான வார்த்தைக்குக் கெஞ்சிறாள். அவர் குடுக்கல்ல.

மூண்டாவதுதான் முக்கியம். பாரிஸ்ட அடிமை டிட்டுபாவைச் சாட்டையாலயும் தூக்காலயும் வெருட்டுறாங்க. அவள் ஒப்புக்கொண்ட உடனே, சூனியம் விசாரிக்க வந்த பாதிரியார் ஹேல் அவள்ட கையைப் பிடிக்கிறார். அபிகேல் அந்தக் கையைத்தான் பார்க்கவேணும். ஒப்புக்கொண்டு பேர் சொன்னா அடிமைக்கும் மரியாதை கிடைக்குது எண்டு அவள் கண்டுபிடிக்கிறது அங்கதான். அதுக்குப் பிறகுதான் அவளே பேர் சொல்லத் தொடங்கிறாள். நடிகை முதலே வில்லியா நிண்டா, இந்த இடத்தில அவவுக்குச் செய்ய ஒண்டும் மிஞ்சாது.

ஒத்திகையில இப்படிச் செய்யுங்க. பாத்திரம் கேட்கிற விசயம் மாறுற இடமெல்லாம் பிரதியில கோடு போடுங்க. ஓரத்தில ‘கோபம்’, ‘கவலை’ எண்டு எழுதவேணாம், வினைச்சொல் எழுதுங்க: மறைக்கிறாள், கெஞ்சிறாள், மடக்கிறாள். யாரிட்ட எண்டதும் பக்கத்தில இருக்கட்டும். முதல் வாசிப்பு கதிரையில இருந்தபடி, பேச்சுக் குரலில. எழும்பி நிண்டா இந்தப் பிள்ளைகளுக்குத் தானாகவே கூத்துக் குரல் வந்திடும்.

திருக்கோவிலான்:

களரி அண்ணன் சொன்னதோட ஒண்டு. நடிகை 1692 வரலாற்றைத் தேடிப் படிச்சாக் குழம்பிடுவா. உண்மையான அபிகேலுக்கு 11, 12 வயசு, புரொக்டருக்கு 60 அளவில. அவளை 17 ஆக்கி, கள்ள உறவையும் வைச்சது மில்லர். அதால அவள்ட நோக்கத்தைப் பிரதிக்குள்ள மட்டும் தேடுங்க.

காணிச் சண்டையை வெட்டினது பிழை. சாரா குட், ஒஸ்பேர்ன் எண்ட முதல் ரெண்டு பேரையும் டிட்டுபா தானாச் சொல்லல்ல, புட்னம்தான் வாயில போட்டுக் குடுக்கிறார். காணிச் சண்டை இல்லாட்டி அவர் சும்மா கேள்வி கேட்கிற மனுசனாப் போயிடுவார். மூண்டாம் அங்கத்தில கோரி கொண்டாற முறைப்பாடும் அந்தரத்தில நிக்கும்: புட்னம் மகளை வைச்சு ஜேக்கப்ஸ் மேல குற்றம் சுமத்துறார், ஜேக்கப்ஸ் தூக்கில போனாக் காணி பறிபோகும், அதை வாங்க வசதியுள்ள ஆள் புட்னம் மட்டும்தான். அந்தக் கோரிதான் பிறகு குற்றத்தை ஒப்புக்கொள்ளாம, மறுக்காமலும் கல்லுக்கடியில நசிஞ்சு சாகிறார், காணி பிள்ளைகளுக்குப் போகவேணும் எண்டு. காணி உறுதிக்கும் எல்லைக்கும் வழக்குப் பேசுற நம்மட சனத்துக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்ல.

நேரம் வேணுமெண்டா பாரிஸ்ட சம்பளம், விறகு வாக்குவாதத்தை ரெண்டு வரியாக்குங்க. அபிகேலும் புரொக்டரும் காட்டில சந்திக்கிற மேலதிகக் காட்சி உங்கட பிரதியில இருந்தா அதை முழுசா எடுங்க. மில்லர் பிறகு சேர்த்தது, இல்லாமலே பல இடத்தில போடுறாங்க.

டான்போர்த் கொடுங்கோலன் இல்ல, நீதிமன்றத்தைக் காப்பாத்துற உத்தியோகத்தர். அவர்ட தர்க்கம் சுத்தமானது: சூனியம் கண்ணுக்குத் தெரியாத குற்றம், சாட்சி செய்தவளும் பட்டவளும் மட்டும், செய்தவள் சொல்லமாட்டாள், அப்ப பட்டவள் சொல்லை நம்பித்தான் ஆகவேணும். குற்றம் சாட்டப்பட்ட பெண்டுகள் நல்லவங்க எண்டு 91 பேர் கையெழுத்து வைச்ச தாளைக் கண்டு, அவ்வளவு பேரையும் பிடிச்சு விசாரிக்கச் சொல்லக்குள்ள, கந்தோரில கோவையை அடுத்த மேசைக்கு அனுப்புற குரல் போதும். கத்தினாப் பயம் போயிடும். அபிகேல் அவரையே ‘கவனமா இருங்க’ எண்டு வெருட்டுற இடத்தில மட்டும் முகம் ஒருக்கா ஆடவேணும். நாலாம் அங்கத்தில 12 பேர் ஏற்கெனவே தூக்கில போயிட்டாங்க. மிச்சம் ஏழு பேரை இப்ப விட்டா அந்தப் 12 பேரும் என்ன கணக்கு? அவர் பிடிவாதத்துக்கு அந்தக் கேள்வி ஒண்டே காணும்.

கல்லடிப்பாலம்:

காணிச் சண்டையைத் திரும்பச் சேர்க்கிறம். பொம்மைக்கும் புரொக்டருக்கும் யாராவது சொல்லுங்க.

பிற்பாட்டு:

பொம்மையை, புரொக்டர் வீட்டு வேலைக்காரி மேரி வொரன் கொண்டந்து குடுக்கக்குள்ள எலிசபெத் அதைச் சரியாப் பார்க்கவே கூடாது. புருசனில யோசனையா, கையில வாங்கி ஒரு ஓரத்தில வைச்சிட்டு விட்டிடவேணும். சனம் அந்த அலட்சியத்தைக் கண்டிட்டா, பிறகு நீதிமன்ற எழுத்தர் சீவர் பொம்மையின்ட பாவாடையைத் தூக்கி ஊசி எடுக்கக்குள்ள அவ மேல சந்தேகப்படாது. வைக்கிற இடம் மேடைக்கு முன்பக்கம் இருக்கட்டும். பொம்மைக்குக் கறுப்புத் துணி, மயிர், தேசிக்காய் எண்டு சோடிக்காதீங்க. நீதிமன்றத்தில பொழுது போகத் தைச்ச வெறும் துணிப்பொம்மை அது.

மூண்டாம் அங்கத்தில, தங்களுக்கு எதிராச் சாட்சி சொல்ல வந்த மேரி சொல்றதையே பெட்டைகள் திருப்பிச் சொல்ற இடம் கவனம், நம்மட சனத்துக்குப் பிற்பாட்டு மாதிரிக் கேட்டு சிரிப்பு வரும். முதல்தரம் அபிகேல் மட்டும் சொல்லட்டும், பிறகு ரெண்டு பேர், பிறகு எல்லாரும். மேரி எந்தச் சுதியில கத்தினாளோ அதே சுதி, இழுவை வேணாம். மேரி கடைசியில மற்றப் பக்கம் சாயிறதும் துரோகத்தில இல்ல, அந்தக் குரல்களுக்கு நடுவில தனிய நிக்க ஏலாமத்தான்.

புரொக்டருக்கு நீதிமன்றத்தில ஒரு திருப்பம் இருக்கு, வெட்டின பிரதிகளில அடிக்கடி காணாமப் போறது. எலிசபெத் பிள்ளைத்தாச்சி, ஒரு வருசத்துக்கு ஒண்டும் செய்யமாட்டம், முறைப்பாட்டை விட்டிடு எண்டு டான்போர்த் சொல்றார். பெண்சாதிக்காக வந்த மனுசன் அதோட போயிருக்கலாம். போகல்ல, ஏனெண்டா கூட்டாளிமார்ட பெண்சாதிகளும் உள்ளுக்க. அந்த இடத்தில நீளமா ஒரு மௌனம் குடுங்க.

புருசனுக்குக் கள்ள உறவு இல்ல எண்டு எலிசபெத் பொய் சொல்லக்குள்ள புரொக்டரும் அபிகேலும் முதுகு காட்டி நிக்கவேணும், அவட முகம் மட்டும் சனத்துக்குத் தெரியட்டும். புருசன்ட முதுகைப் பார்த்துப் பதில் தேடுறா. பொய்யே சொல்லாதவ, அவர்ட பேரைக் காப்பாத்தத்தான் சொல்றா. அவர் உறவை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிட்டார், அதால அந்தப் பொய்யே அவரைக் கவிழ்க்குது.

நாலாம் அங்கத்தில அவர் தியாகியாகத் தொடங்கல்ல, உயிரோட இருக்கத்தான் ஆசை. தியாகிகளோட நிக்கத் தனக்குத் தகுதி இல்ல எண்டும் நம்புறார். வாயால ஒப்புக்கொள்ளுறார். தூக்குக்குப் போகப்போற ரெபேக்கா நேர்ஸ் அதைப் பார்த்திட்டு நிக்கிறா, அவட முகத்தைப் பார்க்க ஏலாது. மற்ற ஆக்கள்ட பேர் கேட்கக்குள்ள மறுக்கிறார். பிறகு கையெழுத்தும் வைக்கிறார். தாளைக் கோயில் கதவில அறையப்போறாங்க, அதாலதான் டான்போர்த் கை நீட்டினதும் பறிக்கிறார். ஒவ்வொரு படியிலயும் அவர் இன்னும் பிழைச்சிடுவார் எண்டு சனம் நம்பவேணும். தாளை உடனே கிழிக்க விடாதீங்க. கையில கசங்கட்டும், எலிசபெத் மேடையிலதான் நிக்கிறா, ஒருக்கா அவவைப் பார்க்கட்டும், பிறகு கிழிக்கலாம். ஒவ்வொரு ஒத்திகைக்கும் புதுத் தாள் வையுங்க. பழசைக் கிழிச்சு பழகினா மேடையில கை தடுமாறும்.