லூத்தரின் போதனையைப் போற்றும் மாலையில் சொற்பொழிவையும் பாடகர் குழுவையும் எப்படி இணைப்பது?

கேள்வி – பாடகர் குழுவை நடத்துபவர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பாடகர் குழுவில் 24 பேர் இருக்கிறோம். துணைக்கு ஓர் ஆர்கன் மட்டுமே உண்டு. அக்டோபர் 31 அன்று, சீர்திருத்தத் திருநாளை ஒட்டி, 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தரின் போதனைகளைப் போற்றும் வகையில் நான்கு குரல் வகைகளில் பாடும் பாடல்களும் சொற்பொழிவும் கொண்ட ஒரு மாலை நிகழ்ச்சியை நடத்த எண்ணியுள்ளோம். சென்ற முறை ஒரு மணி நேரச் சொற்பொழிவை முதலில் வைத்து, அதன்பின் பாடினோம். பேச்சாளர் நன்றாகவே பேசினார்; ஆயினும் பாட்டுக்காக வந்தவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் வெறும் காத்திருப்பாகவே கழிந்தது, பேச்சுக்காக வந்தவர்களில் பலர் நாங்கள் மேடையேறும் வேளையில் எழுந்து சென்றுவிட்டார்கள். ஒரே மனிதரின் போதனையைப் பற்றிய ஒரே நிகழ்ச்சி இப்படி இரண்டாகப் பிளந்து போனது எனக்கு இன்றுவரை வருத்தமாக இருக்கிறது. எந்த வரிசையில் அமைப்பது, எந்தப் பாடல்களைத் தேர்வது, அவையோரையும் பாட வைக்கலாமா என்று அனுபவமுள்ளவர்கள் கூற வேண்டுகிறேன்.

மறுமொழி 1 – ஆர்கன் வாசிப்பவர்

ஐயா, பேச்சையும் பாட்டையும் தனித்தனியாக நிறுத்தியதுதான் சிக்கலின் வேர் என்று நினைக்கிறேன். லூத்தருக்குப் பாட்டு என்பது போதனைக்குப் பிறகு வரும் அலங்காரம் அன்று, அதுவே போதனை. 1523ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தம் நண்பர் ஸ்பலாட்டினுக்கு எழுதிய கடிதத்தில், விவிலியத்தின் சங்கீதங்களை மக்கள் பாடக்கூடிய ஜெர்மன் பாட்டுகளாக ஆக்கித் தரும்படி கேட்கிறார். அரசவையில் புழங்கும் புதுச் சொற்களைத் தவிர்த்து, எளிய மக்களுக்குப் புரியும் சொற்களையே கையாள வேண்டும் என்றும் வற்புறுத்துகிறார். அதற்கு அடுத்த ஆண்டே, 1524இல், எட்டுப் பாடல்கள் கொண்ட முதல் சிறு தொகுப்பு நியூரம்பர்கில் அச்சாயிற்று. அவற்றில் நான்கு லூத்தருடையவை. அதன் முதல் பாடலான ‘நூன் ஃப்ராய்ட் ஐஹ்’ பத்துச் சரணங்களில், பாவத்தில் கட்டுண்டு கிடந்த ஒரு மனிதனை இறைவன் எப்படி மீட்டார் என்பதைக் கதைபோலச் சொல்லிச் செல்கிறது. விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் (நற்செயல்களால் அன்றி நம்பிக்கையால் மட்டுமே மனிதன் இறைவன்முன் நீதிமானாக ஏற்கப்படுகிறான்) என்னும் லூத்தரின் கோட்பாட்டை ஒரு மணி நேரம் விளக்கிய பேச்சாளர், இந்தப் பத்துச் சரணங்களையே தம் உரைக்கு எலும்புக்கூடாக வைத்துக்கொண்டிருக்கலாம்.

ஆகவே சொற்பொழிவை மூன்று அல்லது நான்கு சிறு உரைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் முடியுமாறு அமைத்து, ஒவ்வோர் உரையும் ஒரு பாடலில் வந்து சேருமாறு செய்யுங்கள். பேச்சாளர் பாடலின் ஒரு சரணத்தை எடுத்துச் சொல்லி முடித்ததும், கைத்தட்டலுக்கோ அறிவிப்புக்கோ இடமின்றி ஆர்கன் தொடங்கிவிட வேண்டும். லைப்சிக் நகர வழிபாட்டில், 18ஆம் நூற்றாண்டு ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் கான்டாட்டா (குரல்களும் வாத்தியங்களும் சேர்ந்த, பல பகுதிகள் கொண்ட பாட்டுப் படைப்பு) நற்செய்தி வாசிப்புக்கும் பிரசங்கத்துக்கும் அருகில்தான் இடம்பெற்றது. இரண்டு பகுதிகளாக அமைந்தவற்றில் முதற்பகுதி பிரசங்கத்துக்கு முன்பும் மற்றது பின்பும் பாடப்பட்டன. நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை.

சீர்திருத்தத் திருநாளுக்கென்றே பாஹ் அமைத்த 80ஆம் எண் கான்டாட்டாவை உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். லூத்தரின் ‘ஐன் ஃபெஸ்டே புர்க்’ பாடலின் நான்கு சரணங்களும் அதில் வருகின்றன என்றாலும், அதன் தொடக்க ஃபியூக் (குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே மெட்டை எடுத்துப் பின்னும் பகுதி) 24 பேருக்கும் ஒற்றை ஆர்கனுக்கும் மிகப் பெரிய சுமை. இறுதியில் வரும் நான்கு குரல் கோரலை, அதாவது எளிய சபைப் பாட்டு வடிவத்தை, மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முழுமையான ஒரு படைப்பு வேண்டுமானால் 4ஆம் எண் கான்டாட்டா உண்டு. உயிர்ப்புத் திருநாளுக்கான லூத்தரின் பாடலை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், ஏழு சரணங்களையும் ஏழு விதமாகப் பாடும் படைப்பு அது. ஒவ்வொரு சரணமும் அல்லேலூயாவில் முடிகிறது. தந்தி வாத்தியங்களுக்கென எழுதப்பட்டதாயினும் ஆர்கனில் சுருக்கி வாசிக்கலாம். உயிர்ப்புப் பாடலை அக்டோபரில் பாடுவதா என்று சிலர் கேட்பார்கள். ஆனால் லூத்தரின் போதனை முழுவதும் சிலுவையிலும் உயிர்ப்பிலும்தானே நிற்கிறது!

மறுமொழி 2 – பேஸ் குரல் பாடுபவர்

அவையோர் பாடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கட்டாயம் பாட வையுங்கள். 1524இல் யோகான் வால்ட்டர் வெளியிட்ட பல குரல் பாட்டு நூலில் மெட்டு பெரும்பாலும் ஆண்களின் உயர்ந்த குரலான டெனரில் இருந்தது. பயிற்சி பெற்ற குழுவுக்கு அது பொருந்தியது, சபையாருக்கு அன்று. 1586இல் லூக்காஸ் ஓசியாண்டர் தாம் வெளியிட்ட 50 பாடல்களிலும் மெட்டை மேல்குரலுக்கு ஏற்றியது, சபை முழுவதும் குழுவோடு சேர்ந்து பாட வேண்டும் என்பதற்காகவே.

‘ஐன் ஃபெஸ்டே புர்க்’ தன் உச்ச ஸ்வரத்திலேயே தொடங்கும் மெட்டு. பாஹ் அமைத்த டி மேஜர் சுருதியில் பயிற்சி பெறாத தொண்டைகள் முதல் வரியிலேயே தடுமாறும்; சி மேஜருக்கு இறக்கிக்கொண்டால் எல்லோரும் பாடுவார்கள். இன்னொன்று: லூத்தர் காலத்து மெட்டு நெடிலும் குறிலும் துள்ளி வரும் தாளத்தில் அமைந்தது, பாஹின் வடிவமோ சமமான நடையில் செல்வது. உங்கள் சபையார் எந்த வடிவத்தில் அதை அறிவார்கள் என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் குழு ஒரு பக்கமும் மக்கள் ஒரு பக்கமும் இழுக்கும். நாங்கள் ஒருமுறை அப்படிச் சிக்கி, இரண்டாம் சரணம் முழுவதும் ஒருவரையொருவர் துரத்திக்கொண்டிருந்தோம்.

மறுமொழி 3 – சமய வரலாறு கற்பிப்பவர்

முன்னவர்கள் கூறிய அனைத்தோடும் உடன்படுகிறேன். பேச்சாளரிடம் நீங்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று மட்டும் விடுபட்டுள்ளது. 1543இல் லூத்தர் யூதர்களுக்கு எதிராக எழுதிய நூலில், அவர்களுடைய தொழுகைக்கூடங்களைக் கொளுத்தவும் வீடுகளை இடிக்கவும் சொன்னார். பின்னாளில் நாஜிகள் அந்த எழுத்தைத் தங்களுக்கு ஆதரவாக எடுத்துக் காட்டினார்கள். அமெரிக்காவின் பெரிய லூத்தரன் சபை 1994இல் அந்த வார்த்தைகளை வெளிப்படையாக நிராகரித்து வருத்தம் தெரிவித்தது. லூத்தரைப் போற்றும் மேடையில் இதைச் சொல்லாமல் கடந்துவிடுவது நேர்மையாகாது என்பது என் உறுதியான எண்ணம்.

எங்கே சொல்வது என்பதற்கும் அவருடைய பாடலே இடம் தருகிறது. 130ஆம் சங்கீதத்தைத் தழுவிய ‘ஆவுஸ் டீஃபர் நோட்’, ஆழத்திலிருந்து இரக்கம் கேட்கும் பாடல். மிக நல்ல வாழ்க்கையிலும் மனிதனின் செயல் வீணே என்று அதன் இரண்டாம் சரணம் அறிக்கையிடுகிறது. 1543ஐப் பற்றிப் பேசியபின் அந்தப் பாடலைத் துணையின்றி, மெல்லிய குரலில் பாடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பேச்சாளருடன் இன்று பேசினேன்; நான்கு சிறு உரைகளாகப் பிரிக்க ஒப்புக்கொண்டார், 1543ஐப் பற்றிய உரையைத் தாமே மூன்றாவதாக வைக்க வேண்டும் என்றும் சொன்னார். தொடக்கமாக ‘நூன் ஃப்ராய்ட் ஐஹ்’, நடுவில் 4ஆம் எண் கான்டாட்டாவின் நான்கு சரணங்கள், மூன்றாம் உரைக்குப் பின் ‘ஆவுஸ் டீஃபர் நோட்’, இறுதியில் எல்லோரும் சேர்ந்து சி மேஜரில் ‘ஐன் ஃபெஸ்டே புர்க்’. எங்கள் சபையார் அதைச் சமநடை வடிவத்தில்தான் அறிவார்கள் என்பதையும் கேட்டு உறுதி செய்துவிட்டேன். அடுத்த வாரம் முதல் ஒத்திகை தொடங்குகிறது. டெனர் வரிசைக்கு இன்னும் இரண்டு குரல்கள் தேவைப்படுகின்றன.