1940கள் கொண்டைக்கு உள்ளே வைக்கும் ஃபில்லரை வீட்டிலேயே செய்ய முடியுமா?

மெலிசுக்கூந்தல்:
வணக்கம். நண்பர்கள் சேர்ந்து போடும் நாடகத்தில் எனக்கு 1940களின் டெலிபோன் ஆபரேட்டர் வேடம். மேடையேற இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. முன்நெற்றியில் முடியை உயர்த்திப் பின்னுக்குத் தள்ளி, பிடரியில் ஒரு சுருள் வேண்டும் என்று இயக்குநர் படம் காட்டிவிட்டார். என் முடி தோளுக்குக் கீழே நான்கு விரல் இறங்கும், ஆனால் மொத்தத்தையும் சேர்த்துப் பிடித்தால் சுண்டுவிரல் கனம்தான். பேக் கோம்பிங் செய்து (முடியை வேர்ப்பக்கமாக எதிர்த்துச் சீவி உப்பவைத்து) ஸ்ப்ரே அடித்தால் முதல் காட்சி வரை நிற்கிறது, அப்புறம் படுத்துவிடுகிறது. கடையில் வாங்கிய ஸ்பாஞ்சு டோனட், அதாவது கொண்டைக்குள் வைக்கும் வளையம், கன்னங்கரேல் என்று இருக்கிறது. என் முடியோ பழுப்பு. எப்படி மூடினாலும் எங்காவது எட்டிப் பார்க்கிறது. வீட்டிலேயே செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உள்ளே எதை அடைப்பது?

ஊசிநூல்:
ஜோடி தொலைந்த சாக்ஸ் ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். விரல் பகுதியை வெட்டி, தலையணைப் பஞ்சை அடைத்து வாயைத் தைத்துவிடுங்கள். வேலை முடிந்தது.

திரைக்குப்பின்:
ஊசிநூல் சொன்னது ஒரு போட்டோ எடுக்கும் நேரத்துக்குத் தாங்கும். நாடகம் முழுக்கத் தாங்காது. நாடகக் குழுக்களுக்குத் தலை அலங்காரம் செய்கிறவள் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஞ்சுக்குள் ஸ்லைடு பிடிக்காது, வழுக்கிக்கொண்டு வந்துவிடும். மேடை விளக்கின் சூட்டில் வேர்க்கும்போது பஞ்சு அந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக் கனத்துப்போகும், அப்புறம் அமுங்கும். அமுங்கினால் திரும்ப எழும்பாது. சாக்ஸ் துணியும் தடிமன். உங்களுடையது போன்ற மெல்லிய முடிக்குக் கீழே அதன் ஓரம் வரிவரியாகத் தெரியும்.

அடைக்க வேண்டியது உங்கள் முடியைத்தான். தினமும் சீப்பில் வருகிறதே, அது. நிறம் பொருந்துமா என்ற கவலையே வேண்டாம். எங்காவது விலகித் தெரிந்தாலும் முடிக்குள் முடிதான் தெரியும். கனம் கிடையாது, காற்று போகும், ஸ்லைடை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். இது புது யோசனையும் இல்லை. 1900 வாக்கில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெண்கள் தலையைச் சுற்றி உப்பலாகத் தூக்கிக் கட்டினார்களே, அதற்குள் இருந்ததும் பெரும்பாலும் இப்படிச் சேர்த்த முடிதான். அவர்களுடைய அலங்கார மேசையில் மூடியில் ஓட்டை போட்ட சின்னப் பீங்கான் ஜாடி ஒன்று இருக்கும். சீவி முடித்ததும் சீப்பிலிருக்கும் முடியை விரலில் சுற்றி அந்த ஓட்டை வழியே உள்ளே தள்ளுவார்கள். நமக்கு ஜாடியெல்லாம் வேண்டாம், ஒரு காகிதப் பை போதும். பிளாஸ்டிக் பை மட்டும் கூடாது. ஈரம் தங்கி வாடை வந்துவிடும்.

சேர்ந்த முடியைக் கொண்டை வலை ஒன்றில் போட்டு முடிந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஷாம்பூ கலந்து அலசுங்கள். கண்டிஷனர் போடாதீர்கள், வழவழப்பாகிவிட்டால் ஒன்றோடொன்று பிடிக்காது. நன்றாகக் காயட்டும். காய்ந்தபின் விரலால் பிய்த்துப் பிய்த்து உதிர்த்து, கட்டி எதுவும் இல்லாமல் செய்துகொண்டு, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே மெதுவாக உருட்டுங்கள். அவசரப்பட வேண்டாம், மொத்த வேலையும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழ வேண்டும், விரலை எடுத்தால் குழி தானாக மேலே வர வேண்டும். குழியே விழவில்லை என்றால் அடைத்தது அதிகம், தலையில் கட்டை வைத்தது போல் உறுத்தும். வரவேயில்லை என்றால் இன்னும் கொஞ்சம் முடி சேருங்கள்.

முன்பக்க உயரத்துக்கு 15 முதல் 18 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். நடுவில் மூன்று விரல் பருமன், இரு முனையும் சுண்டுவிரல் அளவுக்குக் கூம்பி வரட்டும். முனை மொட்டையாக இருந்தால் காதுக்கு மேலே புடைத்து நிற்கும், முதல் வரிசையில் இருக்கிறவர்களுக்கே தெரிந்துவிடும். இதை உங்கள் முடியின் நிறத்தில் உள்ள மெல்லிய வலைக்குள் இட்டு, வலையை இரண்டு மடிப்பாகச் சுற்றி, அதே நிற நூலால் தைத்து முடியுங்கள். இரு முனையிலும் நூலில் ஒரு சின்னக் கண்ணி விட்டு வையுங்கள். ஸ்லைடு நுழையும் இடம் அதுதான்.

சவுரிப்பிரியை:
அக்கா சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஒரு மாதத்தில் அவ்வளவு முடி எங்கே சேரும்? ஒரு ஆளுக்கு நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம் என்பார்கள். மெலிசான முடியில் 100 உதிர்ந்தாலும் கையில் ஒன்றுமே இருக்காது. நான் பின்னலுக்கு விற்கும் செயற்கை முடியைத்தான் அடைக்கிறேன். பல நிறத்தில் கிடைக்கிறது, எடையே இல்லை. உதிர்ந்த முடியைச் சேர்த்து வைப்பதை நினைத்தாலே எனக்கு ஒரு மாதிரி இருக்கும், அது வேறு விஷயம்.

திரைக்குப்பின்:
நல்ல கேள்வி. அப்படியானால் இரண்டையும் கலந்துவிடலாம். நடுவில் செயற்கை முடியை உருட்டி வைத்து, அதன்மேல் சேர்ந்த சொந்த முடியைப் போர்வையாகப் பரப்பி வலை போடுங்கள். வெளியே தெரிய வாய்ப்புள்ளது மேல் பரப்பு மட்டும்தான். செயற்கை முடி மட்டும் என்றால் சில வகை ரொம்பப் பளபளக்கும், மேடை விளக்கில் அது தனியாக மின்னும். மங்கலானதாகப் பார்த்து வாங்குங்கள். சூடான கர்லிங் அயர்ன் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம், உருகிவிடும்.

ஊசிநூல்:
சரி, பஞ்சை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் உறை வேண்டுமானால் நைலான் ஸ்டாக்கிங், அதாவது நீளமான மெல்லிய காலுறை, போடலாமே? அந்தக் காலத்துக்கும் பொருந்தும். அமெரிக்காவில் அது நாடு முழுக்க விற்பனைக்கு வந்தது 1940 மே மாதத்தில். அமெரிக்கா போரில் இறங்கியதும் நைலான் பாராசூட்டுக்குப் போய்விட்டது. கிழிந்த ஸ்டாக்கிங்கைத் தலையைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் முடியைச் சுருட்டிச் செருகிக்கொள்வதும் போர்க்காலத்தில் இருந்த பழக்கம்தான்.

மெலிசுக்கூந்தல்:
எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். நெற்றிக்கு இரண்டு பக்கமும் குழல் மாதிரி சுருட்டி வைப்பார்களே, விக்டரி ரோல், அதற்குள்ளும் இதையே வைக்கலாமா? அப்புறம், ஓடி ஆடும் காட்சி ஒன்று இருக்கிறது. உருளை நழுவாமல் இருக்க எத்தனை ஸ்லைடு குத்துவது?

திரைக்குப்பின்:
விக்டரி ரோலுக்குள் வைக்காதீர்கள். அதன் அழகே அந்த ஓட்டைதான். பக்கவாட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு உள்ளே வலை தெரியும். வேண்டுமானால் சுருளுக்குப் பின்னால், வேரோரத்தில், தட்டையாகச் சின்னதாக ஒன்று வைத்து அதில் சுருளைச் சாயுங்கள். பிடரிச் சுருளுக்குத் தாராளமாக உருளை வைக்கலாம், அங்கே முடி முழுக்க மூடிவிடும். ஊசிநூல் சொன்ன ஸ்டாக்கிங்கும் அந்த இடத்துக்குச் சரி. முன்பக்கத்துக்கு மட்டும் வலைதான், ஸ்டாக்கிங் வழுக்கும்.

ஸ்லைடு எத்தனை என்பதைவிட எதில் குத்துகிறீர்கள் என்பதுதான் முக்கியம். வழுக்கும் முடியில் பத்துக் குத்தினாலும் நிற்காது. அன்றைக்குத் தலைக்குக் குளிக்காதீர்கள், முந்தின நாளே குளித்துவிடுங்கள். முன்நெற்றி முடியை முகத்துப் பக்கம் தள்ளிவிட்டு, அதற்குப் பின்னால் ஒரு விரல் அகலப் பட்டையில் வேரோடு பேக் கோம்பிங் செய்யுங்கள். உருளை உட்கார வேண்டியது அந்த மெத்தை மேல்தான். முனைக் கண்ணி ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்லைடைப் பெருக்கல் குறி போல் குறுக்கே குத்துங்கள், ஸ்லைடின் நெளிந்த பக்கம் தலைத்தோலைப் பார்த்து இருக்கட்டும். நடுவில் வலையையும் மெத்தையையும் சேர்த்து இரண்டு கொண்டை ஊசி. தலையைக் குனிந்து உதறிப் பாருங்கள். அசையவில்லை என்றால் முன்முடியை மேலே தூக்கிப் போர்த்தி, மெல்லிய பிரஷால் தடவி, நுனியை உருளைக்கு அடியில் செருகுங்கள். ஸ்ப்ரேயைக் கையில் அடித்துத் தடவினால் போதும்.

வலித்தால் பொறுத்துக்கொண்டு நடிக்காதீர்கள். வலி என்றால் முடி இழுபடுகிறது, முனை ஸ்லைடைக் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குத்துங்கள். கழற்றும்போது மேல்முடியை விடுவித்த பிறகுதான் உருளையைத் தொட வேண்டும். ஸ்ப்ரே பிசுபிசுப்பு ஏறிவிட்டால் தையலைப் பிரிக்காமல் அப்படியே ஷாம்பூ தண்ணீரில் அமுக்கி எடுத்து, துண்டில் ஒற்றி, படுக்க வைத்துக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் முடி முழுக்க ஒரு பக்கம் இறங்கிவிடும்.