ஈர மணல் வரைக்கும்தான் நமக்கா? மொரீசியஸ் கடற்கரையில் உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ரோஸ் ஹில்லிலிருந்து:
போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது. அம்மா, சித்தி, பிள்ளைகள் என்று ஒன்பது பேர், ஒரு பெரிய பாத்திரம் நிறைய பிரியாணியோடு ஃப்ளிக்-ஆன்-ஃப்ளாக் போனோம். பொதுக் கடற்கரையில் சவுக்கு நிழலையெல்லாம் எட்டு மணிக்கே ஆட்கள் பிடித்துவிட்டார்கள். சரி, நடந்து பார்ப்போம் என்று தண்ணீரோரமாகவே போனால், ஒரு ஹோட்டலுக்கு முன்னால் ஆளில்லாத மணல். பாயை விரித்தோம். பாத்திரத்தின் மூடியைத் திறப்பதற்குள் செக்யூரிட்டிப் பையன் வந்துவிட்டான்.

மரியாதையாகத்தான் பேசினான். "தாந்தின் (அத்தை), பொதுக் கடற்கரை அந்தப் பக்கம்" என்றான் எங்கள் ஊர்ப் பேச்சான கிரியோலில். "கடலும் உங்க முதலாளியோடதா?" என்றார் அம்மா. அவன் சிரித்துவிட்டு, காலால் மணலில் ஒரு கோடு கிழித்தான். அலை ஏறி நனைக்கிற இடம் எல்லோருக்கும், அதற்கு மேலே ஹோட்டலின் குத்தகை என்றான். அம்மா ஒன்றும் பேசாமல் பாயை இழுத்து அந்தக் கோட்டுக்குக் கீழே போட்டார். பெரிய அலை வரும்போதெல்லாம் பாத்திரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒன்பது பேரும் அங்கேயே சாப்பிட்டு முடித்தோம். என் பாவாடை இன்னும் காயவில்லை.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். பையன் கதை விடவில்லை. உயர்ந்த நீர்மட்டக் கோட்டிலிருந்து உள்பக்கமாக, குறைந்தது 81.21 மீட்டர் அகலத்துக்கு இருப்பது 'பா ஜியோமெத்ரிக்', அதாவது அரசு நிலம். பிரெஞ்சுக்காரர்களின் ஐம்பது தப்படிக் கணக்கு அது. 1895 சட்டத்திலும் அப்படியே வந்திருக்கிறது. விற்க முடியாது, ஆனால் குத்தகைக்கு விடலாம். கரையோர ஹோட்டல்களும் பங்களாக்களும் பெரும்பாலும் அப்படி வந்தவைதான். பொதுக் கடற்கரை என்று அறிவித்த துண்டுகளைப் பார்த்துக்கொள்ள 2002-ல் சட்டம் போட்டு ஓர் ஆணையம் வைத்தார்கள். மற்ற இடத்தில் நமக்கு மிஞ்சுவது ஈர மணல்.

வடக்கிலிருந்து, ஹோட்டல் ஊழியர்:
அக்கா, அந்தக் கோட்டைக் கிழிக்கிற வேலை எனக்கும் உண்டு. விடியற்காலை ஐந்தரைக்கு மணலைச் சீவி, ஒதுங்கின பாசியை அள்ளி, சாய்வுப் படுக்கைகளைப் போடுவேன். "இன்னும் ஒரு வரிசை முன்னால" என்பார் மேலாளர். நம் கடலில் ஏற்றவற்றமே சுமார் அரை மீட்டர்தான். தட்டையான மணலில் கோடு எங்கே இருக்கிறது என்று யார் அளக்கிறார்கள்? படுக்கை போட்ட இடம்தான் கோடு. வெள்ளைக்காரர் யாராவது ஹோட்டல் துண்டு இல்லாமல் வந்து உட்கார்ந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். நம் ஆட்கள் பாத்திரத்தோடு வந்தால் என்னை அனுப்புவார்கள். ஒரு நாள் வந்து உட்கார்ந்தது என் பெரியப்பா குடும்பம். அன்று எனக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்துவிட்டது.

மாயெபூரிலிருந்து:
எல்லோரும் கோட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். மணலே போய்க்கொண்டிருக்கிறதே! என் அப்பா லகூனில், அதாவது பவளப்பாறைக்கு உள்பக்கத்து ஆழமில்லாத கடலில், மணல் அள்ளினவர். இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்வெட்டியால் வாரிப் படகில் போடுவார். நம் பெரியவர்கள் கட்டின கல்வீடுகளில் பாதிக்கு மேல் அந்த மணல்தான் இருக்கும். 2001-ல் அரசு அதைத் தடை செய்தது. இப்போது கருங்கல்லை உடைத்த தூளில்தான் கட்டுகிறோம். அள்ளினது திரும்பி வந்த மாதிரித் தெரியவில்லை.

சவுக்கை நிழலுக்கும் காற்றுத் தடுப்புக்கும் வைத்தார்கள். ஆனால் அதன் சருகு மெத்தைபோல மூடிவிட்டால் கீழே அடப்பங்கொடி தழைக்காது. இங்கே பதாத்ரான் என்கிறோமே, அதுதான். படர்ந்து மணலைப் பிடித்து வைக்கிற கொடி. கரை அரித்தால் சவுக்கும் வேரோடு சாய்கிறது. உடனே கரையோரத்தில் கல்மதில் கட்டுகிறார்கள். மதிலில் மோதித் திரும்புகிற அலை அதன் காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகிறது. எங்கள் பக்கம் ஓரிடத்தில் தண்ணீர் ஏறின நேரத்தில் நடக்க வேண்டுமென்றால் மதிலைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். உங்கள் அம்மா அங்கே வந்தால் பாயை எங்கே போடுவார்?

ரோஸ் ஹில்லிலிருந்து:
அண்ணா, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். வரும் ஞாயிறும் அதே ஹோட்டல் வாசல்தானாம். பிரியாணி மட்டும் வேண்டாமாம். பருப்பு பூரி என்றால் நின்றுகொண்டே சாப்பிடலாம் என்கிறார்.