மறு: மறு: 'ஸ்பாட் ரிடக்‌ஷன்' தமிழில் எப்படிச் சொல்வது?

> எடை குறைப்பு பற்றிய நூல் ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வயிற்றுக்கான பயிற்சியைச் செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் குறையும் என்ற நம்பிக்கைக்கு ஒரு முழு இயல். 'புள்ளிக் குறைப்பு' என்று வைத்திருக்கிறேன். சரியா? 'ஸ்டபர்ன் ஃபேட்', 'டோனிங்' இரண்டுக்கும் சொல் வேண்டும்.

அன்புள்ள அம்மா,

புள்ளிக் குறைப்பு வேண்டாம், பங்குச்சந்தைச் செய்தி போல ஒலிக்கிறது. இங்கே இன்னொருவர் சொன்ன 'இடக்குறைப்பு' அதைவிட மோசம். கல்லூரியில் சேர்க்கை இடங்களைக் குறைத்துவிட்டார்கள் என்றே வாசகர் நினைப்பார். இரண்டிலும் எது குறைகிறது என்ற செய்தியே இல்லை.

சொல்லுக்குப் போகுமுன் 'சதை'யைப் பற்றி ஒரு புலம்பல். 'இடுப்பில் சதை போட்டுவிட்டது' என்றால் கொழுப்பு. 'கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது' என்றால் தசை. ஒரே சொல், இரு திசுக்கள். 'சதையை இறுக்கும் பயிற்சி' என்று யாராவது சொன்னால் தொளதொளப்பாக இருந்ததே கெட்டியாகிவிடும் என்று மனம் உடனே நம்பிவிடுகிறது. உண்மையில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பு ஒருபோதும் தசையாக மாறுவதில்லை. ஆகவே நூல் முழுவதும் 'சதை'யைத் தவிர்த்துவிடுங்கள். நான் திருத்திய ஒரு கையேட்டில் இதைக் கவனிக்காமல் விட்டு, அச்சான பிறகு தலையில் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

இனிக் கருத்து. கொழுப்புச் செல்லில் இருப்பது டிரைகிளிசரைடு, அதாவது சேமிப்பு வடிவக் கொழுப்பு. பக்கத்திலிருக்கும் தசை அதைக் கை நீட்டி எடுத்துக்கொள்வதில்லை. அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் தூண்ட, அது கொழுப்பு அமிலங்களாகவும் கிளிசராலாகவும் பிரிந்து இரத்தத்தில் இறங்குகிறது. அமிலங்கள் அல்புமின் என்ற புரதத்தின் மீது ஏறி உடலெங்கும் சுற்றுகின்றன. வயிற்றுத் தசை எரிக்கும் அமிலம் முதுகிலிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 1971-இல் டென்னிஸ் வீரர்களின் இரு கைகளையும் அளந்தார்கள். மட்டை பிடிக்கும் கை பருத்திருந்தது. தோலடிக் கொழுப்பின் தடிப்போ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 1984-இல் வெளிவந்த ஆய்வில் 27 நாள்களில் 5004 முறை படுத்து எழச் சொன்னார்கள். பிறகு வயிறு, முதுகு, பிட்டம் மூன்றிலிருந்தும் கொழுப்புத் துணுக்கு எடுத்துப் பார்த்தால், செல்கள் மூன்றிடத்திலும் ஒரே போலச் சுருங்கியிருந்தன. 2013-இல் வந்த ஆய்வில் 11 பேர் 12 வாரம் ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி செய்தார்கள். கொழுப்பு குறைந்தது உடலின் மேற்பகுதியில்!

என் பரிந்துரை: 'இடக்கொழுப்புக் குறைப்பு'. 'குறைப்பு' என்பது பிறவினை, நாம் வலிந்து செய்ய முனைவது. உடல் தானாகவே எல்லா இடத்திலிருந்தும் விடுவதற்குத் தன்வினையாகக் 'கொழுப்புக் குறைவு' என்று வையுங்கள். ஆங்கிலத்தில் 'ரிடக்‌ஷன்' என்ற ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது. நமக்கு அந்தச் சங்கடம் இல்லை.

——

> இடக்கொழுப்புக் குறைப்பு

ஐயா, இடக்கை, இடக்கால் போல 'இடப்பக்கக் கொழுப்பு' என்று படிக்கமாட்டார்களா? மருத்துவனாக இன்னும் இரண்டு தடைகள். லைப்போசக்‌ஷன் (கொழுப்பை உறிஞ்சியெடுக்கும் அறுவை) செய்தால் ஓரிடத்துக் கொழுப்பு மட்டுமே குறையும். உங்கள் சொல் அதையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. இரண்டாவது, 2007-இல் வெளியான ஆய்வில், இயங்கும் தசையை ஒட்டிய கொழுப்பில் இரத்த ஓட்டமும் கொழுப்புச் சிதைவும் சற்றுக் கூடுவதாகக் கண்டார்கள். முழுப் பொய் என்ற தொனி சொல்லில் வந்துவிடக் கூடாது.

——

மருத்துவர் ஐயா,

இடப்பக்கம் பற்றி நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் 'ஓரிடக் கொழுப்புக் குறைப்பு'. சிக்கல் தீர்ந்தது. அறுவை முறையிலிருந்து பிரித்துக் காட்ட, இயலின் தொடக்கத்தில் ஒருமுறை 'பயிற்சிவழி' என்ற அடையைச் சேர்த்தால் போதும். 2007 ஆய்வை நானும் மறுக்கவில்லை. ஆனால் சிதைந்ததெல்லாம் எரிந்ததாகாது. எரியாத அமிலம் மீண்டும் கொழுப்பாகிச் சேமிப்பில் சேர்ந்துவிடும். எப்படியும் சொல் தீர்ப்பு வழங்க வேண்டியதில்லை. செயலுக்குப் பெயர் வைத்தால் போதும், பலிக்குமா என்பதை இயல் பேசட்டும்.

'ஸ்டபர்ன் ஃபேட்' என்பதைப் 'பிடிவாதக் கொழுப்பு' என்று எழுதினால் யாரையோ திட்டுவது போல் இருக்கும். நம் மொழியில் கொழுப்பு ஏற்கெனவே திமிருக்குப் பெயர். பழைய 'நிணம்' என்ற சொல்லை எடுக்கலாமென்றால் நிணநீர் குறுக்கே நிற்கிறது. 'கரையாக் கொழுப்பு' என்பதோ பொய். பெண்களின் தொடை, இடுப்புக் கொழுப்பில் அட்ரினலினின் தூண்டுதலைத் தடுக்கும் ஆல்ஃபா-2 ஏற்பிகள் (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதங்கள்) ஒப்பீட்டளவில் அதிகம். அதனால் அங்கே தாமதமாகிறது, அவ்வளவுதான். ஆகவே 'பிந்துகொழுப்பு'. ஏவுகணை போல வினைத்தொகை, நடுவில் 'க்' வேண்டாம். பிந்திய, பிந்துகின்ற, பிந்தும் மூன்றும் அதில் அடங்கும்.

'டோனிங்' என்பதற்கு ஒரே சொல் தேட வேண்டாம். தசை சற்றுப் பெருப்பதும் மேலே மூடியிருக்கும் கொழுப்பு மெலிவதும் சேர்ந்த தோற்றம் அது. முன்னதைத் 'தசைத்திரட்சி' என்று தனியே சொல்லுங்கள். 'தசைமுறுக்கு' வேண்டாம், ஓய்விலும் தசையில் இருக்கும் இழுவிசைக்கு அது தேவைப்படும்.

——

ஐயா இருவருக்கும் நன்றி. ஓரிடக் கொழுப்புக் குறைப்பு, பிந்துகொழுப்பு இரண்டையும் எடுத்துக்கொண்டேன். தசைத்திரட்சி கொஞ்சம் காவியத்தனமாகப் படுகிறது, ஆனாலும் இரண்டு பக்கத்தில் எழுதிப் பார்க்கிறேன். 'சதை'யைத் தேடினால் கைப்பிரதியில் 41 இடத்தில் இருக்கிறது. இன்றிரவு அதுதான் வேலை.