உடைமைச் சொல் யாரைப் பார்க்கிறது: ஸ்பானியம் பேசுவோருக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களின் அனுபவங்கள்

ஹூஸ்டனிலிருந்து ஓர் உறுப்பினர்:

மெக்சிகோவிலிருந்தும் எல் சால்வடோரிலிருந்தும் வந்து குடியேறியவர்களுக்கு மாலை வகுப்பில் ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். ஒருநாள் ஒரு பெண்மணி தம் அண்ணனின் குடும்பத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவர், அண்ணியை "யுவர் வைஃப்" என்று குறிப்பிட, எதிரில் இருந்த இளைஞர் தமக்கு இன்னும் திருமணமே ஆகவில்லை என்று பதறிவிட்டார். அவனுடைய, அவளுடைய, அதனுடைய, அவர்களுடைய ஆகியவற்றோடு, 'உஸ்தெத்' என்று மரியாதையாக விளிக்கப்படுபவரின் 'உங்களுடைய' என்பதையும் சேர்த்து ஸ்பானியத்தில் 'சு' என்ற ஒரே சொல் சுமக்கிறது. குழப்பம் வந்தால் 'தே எல்' (அவனுடைய), 'தே எயா' (அவளுடைய) என்று ஒட்டி அவர்கள் தெளிவுபடுத்திக்கொள்வார்கள். ஆனால் பெரும்பாலும் அதற்குத் தேவை எழுவதில்லை.

அந்த மொழியில் உடைமைச் சொல் உடைமைப் பொருளைப் பார்த்து வடிவம் மாறுகிறது. பொருள் பன்மையானால் 'சு' என்பது 'சுஸ்' ஆகிவிடும். 'எங்கள் வீடு' என்பதில் வீடு பெண்பால் என்பதால் 'நுவெஸ்த்ரா காசா', 'எங்கள் புத்தகம்' என்பதில் புத்தகம் ஆண்பால் என்பதால் 'நுவெஸ்த்ரோ லிப்ரோ'. ஆங்கிலமோ உரியவரை மட்டுமே பார்க்கிறது. "தேர்ஸ் புக்ஸ்" என்ற பிழை இங்கிருந்துதான் பிறக்கிறது; 'தேர்ஸ்' என்ற சொல் தனித்து நிற்கும் இடத்தில் சரியாகவே இருப்பதால், அதைக் களைவது கடினம். 'என்னுடையது' எனப் பொருள்படும் 'எல் மீயோ' என்பதன் வழியே வரும் "தி மைன்" அவ்வளவு பிடிவாதமானதன்று, இரண்டொரு முறை திருத்தினால் போய்விடும்.

ஆகவே நான் அட்டவணையை ஒதுக்கிவிட்டுக் குடும்பப் புகைப்படங்களை எடுத்துவரச் சொல்கிறேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்பு உரியவரின் பெயரைச் சொல்ல வேண்டும், அதன் பிறகே 'ஹிஸ்' அல்லது 'ஹெர்'. மரியாவின் கணவர், ஹோசேயின் தங்கை என உரியவரும் உறவினரும் வெவ்வேறு பாலாக இருக்கும் இடங்களில்தான் நாக்கு தடுமாறுகிறது என்பதால், அவற்றுக்கே அதிக நேரம் ஒதுக்குகிறேன்.

மாட்ரிட்டிலிருந்து ஓர் உறுப்பினர்:

இங்கே அந்த "யுவர் வைஃப்" குழப்பம் குறைவு. ஸ்பெயினில் அன்றாடப் பேச்சில் 'உஸ்தெத்' அரிது. பலரை நோக்கிப் பேசும்போதும் 'வுவெஸ்த்ரோ' என்ற தனிச்சொல் இருப்பதால், 'சு' பெரும்பாலும் படர்க்கையோடு நின்றுவிடுகிறது. என் மாணவர்களிடம் நான் அதிகம் கேட்பது "தி ஹெட் ஹர்ட்ஸ் மீ", "ஐ வாஷ் தி ஹேண்ட்ஸ்" போன்ற வாக்கியங்கள்தான். 'மே துவெலே லா கபேசா' என்பதில் தலைக்கு உடைமைச் சொல்லே கிடையாது. வலிப்பது யாருக்கு என்பதை 'மே' சொல்லிவிடுகிறது. "எனக்குத் தலை வலிக்கிறது" என்று சொல்லும் நமக்கு இது உடனே விளங்கும், ஆங்கிலம் மட்டுமே அறிந்த என் சக ஆசிரியருக்குத்தான் விளக்க வேண்டியிருந்தது. மருத்துவரிடம் பேசுவது போன்ற உரையாடல்களை நடிக்கச் செய்து, உடலுறுப்பு வரும்போதெல்லாம் 'மை' சேர்க்கப் பழக்குகிறேன். கை, கால், பல் என்று சுற்றி வருவதற்குள் பெரும்பாலானோருக்குப் படிந்துவிடுகிறது.