முடக்குவாதக் கைக்கு ஏற்ற பிளையர் எது?

வணக்கம். முடக்குவாதத்தால் நிறுத்தியிருந்த மணி நகை வேலையை மறுபடி தொடங்க யோசனை கேட்கிறேன். காலையில் விரல் மூட்டுகள் விறைத்திருக்கும் என்பதால் வேலை மதியத்துக்கு மேல்தான், இடையிடையே ஓய்வோடு.

சிக்கல் ஐ-பின் (மணி கோக்கும், ஒரு நுனியில் வளையம் உள்ள கம்பி) வளையத்தில். 20 கேஜ் (0.8 மி.மீ.) பித்தளைப் பின்னை மணிக்கு மேல் 9 மி.மீ. விட்டு வெட்டி, 90 டிகிரி மடக்கி, ரவுண்ட் நோஸ் பிளையரில் (உருண்டை முனைக் குறடு) சுருட்டினால் கடைசிக் கால் சுற்றில் பிடி தளர்கிறது. வளையத்தின் வாய் முழுசாக மூடாது. தொங்கல் அந்த இடுக்கு வழியே கழன்றுவிடும். சரிசெய்யத் திரும்பத் திரும்ப வளைத்தால் உலோகம் இறுகி அங்கேயே ஒடியும்.

24 கேஜ் (0.5 மி.மீ.) செம்புக் கம்பி கைக்குச் சுகம். ஆனால் வெறும் வளையம் கனமான ஜிமிக்கியைத் தாங்காது. வளையத்துக்குக் கீழே இரண்டு மூன்று சுற்று சுற்றிக் கட்ட வேண்டும், அதில் கட்டைவிரல் போய்விடும்.

தடித்த பிடியும் மெத்தென்ற ஸ்பிரிங்கும் உள்ள பிளையர் யாராவது பயன்படுத்துகிறீர்களா? விறைப்பான ஸ்பிரிங் வேண்டாம், அதை அமுக்குவதே தனி வேலை. நகையின் பாகங்களை இணைக்கும் சின்ன வளையமான ஜம்ப் ரிங்கைப் பக்கவாட்டில் திருகித் திறக்க விரலில் மாட்டும் மோதிரக் கருவி 18 கேஜுக்கு (1 மி.மீ.) ஈடுகொடுக்குமா? மேஜையில் பொருத்தும் சின்ன வைஸில் பின்னைப் பிடித்துச் சுருட்டினால் மணி விரிசல் விடாமல் இருக்குமா?

பட்டு நூல் வளையலுக்கு மாறச் சொல்லாதீர்கள். இருபது இழையை இழுத்துப் பிடித்தபடி சுற்றுவது இதைவிடப் பாடு.