பழைய பிங் ஐ 2 அயர்ன் செட்: வாங்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பச்சைப்புல் (கேள்வி)

பிங் நிறுவனத்தின் ஐ 2 கோல்ஃப் அயர்ன் (எண்ணிட்ட உலோகத்தலை கிளப்) செட் ஒன்று மலிவாக வந்திருக்கிறது. 3 முதல் 9 வரை, கூடவே பிட்சிங் வெட்ஜ், சாண்ட் வெட்ஜ், மொத்தம் ஒன்பது. எல்லாம் ஸ்டீல் ஷாஃப்ட் (தண்டு). லையை (தலைக்கும் ஷாஃப்டுக்கும் உள்ள கோணம்) காட்டும் புள்ளி எட்டு கிளப்பில் கருப்பு, 7-இல் மட்டும் நீலம். சாண்ட் வெட்ஜில் '+' குறி இல்லை, மற்றவற்றில் இருக்கிறது. கிரிப் எல்லாம் காய்ந்து கண்ணாடி மாதிரி வழுக்குகிறது. ஹேண்டிகேப் (ஆட்டத் திறன் அளவு, குறைந்தால் நல்லது) 22. இப்போது ஆடும் செட்டில் 7 அயர்னின் லாஃப்ட் (முகத்தின் சாய்வு) 29 டிகிரி.

போலி இல்லை என்று எப்படி உறுதி செய்வது? அந்த ஒற்றை 7-ஐ என்ன செய்வது? க்ரூவ் (முகத்தில் உள்ள பள்ளக்கோடு) பிரச்சினை என்கிறார்களே, கிளப் போட்டியில் அது தடையாகுமா?

கம்மியர்

முதலில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். ஐ 2-இன் வழக்கமான தலை 17-4 துருப்பிடிக்காத எஃகு வார்ப்பு, காந்தம் பிடிக்கும். மலிவுப் போலிகள் பல துத்தநாகக் கலவை, அதில் ஒட்டாது. பெரிலியம் காப்பர் பதிப்பிலும் ஒட்டாது, ஆனால் அதன் செம்பு நிறமே காட்டிக்கொடுத்துவிடும். காந்தம் ஒட்டியதாலேயே அசல் என்று ஆகிவிடாது, எஃகிலும் போலி உண்டு. தலையின் பின்புறக் குழிக்குள் இருக்கும் எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, ஒன்பதிலும் ஒரே ஆழமா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

அடுத்து ஹோஸலில் (ஷாஃப்ட் நுழையும் கழுத்து) பொறித்த வரிசை எண். ஒரே செட்டாகப் பிறந்திருந்தால் எல்லாவற்றிலும் ஒரே எண். உங்கள் 7-இல் வேறு எண் இருக்கும் என்று இப்போதே சொல்கிறேன். தொலைந்துபோனதற்கு மாற்றாக எங்கிருந்தோ வந்து சேர்ந்தது. அது குற்றமில்லை, விலையைக் குறைக்க ஒரு காரணம், அவ்வளவுதான்.

பிறகு ஷாஃப்ட். ஒவ்வொன்றையும் காதருகே வைத்து ஆட்டுங்கள். வெளியே குரோம் பளபளத்தாலும் கிரிப் நுனித் துளை வழியே ஈரம் இறங்கி உள்ளே துரு பிடித்திருக்கும். கடலோர ஊர்களில் இது சர்வசாதாரணம். ஹோஸலுக்கு மேலே இரண்டு அங்குலம் வரை நகத்தால் தடவுங்கள். நகம் சிக்கும் அளவுக்குக் குழி விழுந்திருந்தால் அந்த ஷாஃப்டை நம்பாதீர்கள், அங்கேதான் முறியும். மேலோட்டத் துரு என்றால் மிக மெல்லிய எஃகுப் பஞ்சால் போய்விடும்.

நடுவரிசை

போலியோ அசலோ, இந்தச் செட்டில் முதலில் ஏமாற்றுவது அடியில் இருக்கும் எண்தான். ஐ 2 வந்தது 1982-இல். அதன் 7 அயர்ன் 36 டிகிரி பக்கம், பிட்சிங் வெட்ஜ் 50 பக்கம். உங்கள் 29 டிகிரி 7-க்கு லாஃப்டில் நெருங்கிய ஐ 2 எது தெரியுமா? 5 அயர்ன். "பழைய கிளப்பில் பந்து போகவே மாட்டேன் என்கிறது" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் எண்ணைத்தான் ஒப்பிடுகிறார்கள், லாஃப்டை அல்ல.

ஆகவே இரண்டு செட்டையும் கலக்காதீர்கள். பழைய 8, 9-ஐயும் புதிய 6, 7-ஐயும் ஒரே பையில் போட்டால் நடுவில் பெரிய ஓட்டை விழும். முழுசாக மாறுங்கள், ரேஞ்சில் ஒவ்வொன்றிலும் பத்துப் பந்து அடித்து, நன்றாகப் பட்டவற்றின் கேரியை (காற்றில் பறந்த தூரம்) மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். 22 ஹேண்டிகேப்புக்கு 3, 4 இரண்டையும் பைக்குள் வைக்காமல் ஹைப்ரிட் (அயர்னுக்கும் வுட்டுக்கும் இடைப்பட்ட கிளப்) வைப்பதே நல்லது. குதிகாலுக்கும் (தலையின் ஷாஃப்ட் பக்கம்) நுனிக்கும் (எதிர்ப்பக்கம்) எடையைப் பிரித்து வைத்த தலை என்பதால் நடு தவறினாலும் 6-ஐ விடக் குட்டையான அயர்ன்கள் மன்னிக்கும். நீள அயர்னில் அந்த மன்னிப்பை ரொம்ப எதிர்பார்க்கக் கூடாது.

ஆஃப்செட் (ஷாஃப்டை விட முகம் பின்தள்ளி இருப்பது) தாராளம். ஏற்கெனவே இடப்பக்கம் இழுக்கிறவர் குட்டை அயர்ன்களை அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

கல்லூரி_மைதானம்

க்ரூவ் விஷயத்தில் அரைகுறைச் செய்திதான் அதிகம் சுற்றுகிறது. நடந்தது இது. 1984-இல் அமெரிக்க கோல்ஃப் சங்கம் சதுரப் பள்ளத்தை அனுமதித்தது. கூரான விளிம்பு பந்தின் தோலைச் சீவியதால் பிங் நிறுவனர் கார்ஸ்டன் சோல்ஹைம் விளிம்பை உருட்டினார். உருட்டியதால் அளக்கும்போது பள்ளம் அகலமாகிவிட்டது. இரண்டு பள்ளங்களுக்கு இடையே பள்ளத்தின் அகலத்தைப் போல மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும் என்ற விதியில் ஐ 2 சிக்கியது. பிங்குக்கும் சங்கத்துக்கும் வழக்கு நடந்து 1990 ஜனவரியில் சமரசம். அந்த ஆண்டு ஏப்ரல் 1-க்கு முன் செய்யப்பட்ட ஐ 2-கள் விதிக்கு உட்பட்டவையாகக் கொள்ளப்படும் என்று முடிவானது. '+' குறி உள்ளவை மாற்றிய பள்ளம் கொண்டவை. உங்கள் சாண்ட் வெட்ஜ் பழைய வகை.

2010-இல் புதிய க்ரூவ் விதி தொழில்முறைப் போட்டிகளுக்கு வந்ததும் தொழில்முறை வீரர் ஃபில் மிக்கெல்சன் டோரி பைன்ஸ் மைதானத்தில் பழைய ஐ 2 வெட்ஜை எடுத்து ஆடியது இந்தச் சமரசத்தின் பலத்தில்தான். மார்ச்சில் பிங் நிறுவனமே அந்தப் பாதுகாப்பைத் தொழில்முறைச் சுற்றுக்கு விட்டுக்கொடுத்தது. கிளப் மாதாந்திரப் போட்டியில் நீங்கள் கேட்க வேண்டியது ஒரே கேள்வி: க்ரூவ் அளவைக் கட்டுப்படுத்தும் 'ஜி-2' என்ற மாதிரி உள்ளூர் விதி அமலில் இருக்கிறதா? இல்லையென்றால் கவலை வேண்டாம்.

ஒரு வேண்டுகோள். க்ரூவ் கூர்தீட்டும் கருவியை இதன் பக்கம் கொண்டுவராதீர்கள். அளவு மாறினால் எந்தச் சமரசமும் காப்பாற்றாது. நைலான் பிரஷ், பல்குத்தும் குச்சி, சோப்புத் தண்ணீர் போதும்.

பச்சைப்புல்

காந்தம் ஒன்பதிலும் ஒட்டுகிறது. 7-இன் எண் வேறுதான், கம்மியர் சார் சொன்னபடியே. 5-ஐ ஆட்டினால் உள்ளே கலகல. லை எப்படிச் சோதிப்பது? கிரிப் மாற்ற மண்ணெண்ணெய் போதுமா?

கம்மியர்

மண்ணெண்ணெய் வேண்டாம். எண்ணெய்ப் படலம் தங்கி, கிரிப் நாள்கணக்கில் சுழலும். மினரல் டர்பன்டைன் சரி. பெட்ரோல் வேலை செய்யும், ஆனால் மூடிய அறையில் ஆபத்து.

கொக்கி பிளேடால் உங்கள் உடம்புக்கு வெளிப்பக்கமாகக் கீறி பழைய கிரிப்பை உரியுங்கள். பழைய டேப்பை ஹேர் டிரையரால் சூடாக்கினால் பட்டையாக வரும். இரண்டு அங்குல இருபக்க டேப்பை நீளவாக்கில் ஒரு சுற்று ஒட்டி, மேல் நுனியில் அரை அங்குலம் விட்டு உள்ளே மடித்துத் திணியுங்கள். துருவுக்கு வழியடைப்பது இந்த மடிப்புதான், பலர் விட்டுவிடுகிறார்கள். கிரிப் துளையை விரலால் அடைத்து டர்பன்டைன் ஊற்றி, குலுக்கி, அதையே டேப் மேல் முழுக்க நனைய ஊற்றி, ஒரே தள்ளலில் ஏற்றுங்கள். பாதியில் நின்றால் சிக்கிக்கொள்ளும். நேர்ப்படுத்த ஒரு நிமிடம்தான் அவகாசம். இரவு முழுக்கக் காயட்டும்.

பழைய கிரிப்பைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். புதியது நான்கு கிராம் கூடினால் ஸ்விங்வெயிட் (ஆட்டும்போது உணரும் தலைக் கனம்) ஒரு புள்ளி இறங்கும், தலை லேசாகத் தெரியும்.

நடுவரிசை

லைக்கு: பந்தில் அழியும் மார்க்கரால் தடித்த கோடு ஒன்று போட்டு, கோடு முகத்தைப் பார்த்துச் செங்குத்தாக நிற்கும்படி வைத்து அடியுங்கள். முகத்தில் பதிந்த கோடு நேராக நின்றால் சரி. மேல்முனை கிளப்பின் நுனிப்பக்கம் சாய்ந்தால் லை அதிக நிமிர்வு, வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். குதிகால் பக்கம் சாய்ந்தால் அதிகத் தட்டை, வலப்பக்கம். நான்கைந்து அடியின் சராசரி பாருங்கள், ஒன்றை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

நீலப் புள்ளி கருப்பை விட ஒரு படி நிமிர்வு. நிறப்பட்டியல் பின்னாளில் மாறியிருக்கிறது, புள்ளியை யாராவது மறுபடி பூசியும் இருக்கலாம். கோடு சொல்வதுதான் கணக்கு. ஒரு டிகிரிக்குள் வித்தியாசம் என்றால் 7-ஐ அப்படியே விடுங்கள். 17-4 வார்ப்பு கடினம், இரண்டு டிகிரிக்கு மேல் வளைக்கச் சொன்னால் விவரம் தெரிந்தவர் மறுப்பார்.

பச்சைப்புல்

5-இன் கிரிப்பைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினேன். செந்தூள் கொட்டுகிறது.

கம்மியர்

சாம்பல் அல்லது மஞ்சள் துணுக்கு என்றால் பழைய எபாக்ஸி (ஒட்டுப் பசை), விட்டுவிடலாம். செந்தூள் துரு. அந்த ஷாஃப்டை மாற்றுங்கள். ஹோஸலைச் சூடாக்கித் திருகி எடுத்தபின் நுனியை வெர்னியரால் அளந்து வாங்குங்கள்: 9.0 மி.மீ. என்றால் டேப்பர் (நுனி ஒடுங்கியது), 9.4 என்றால் பேரலல் (ஒரே தடிமன்). அதில் யூகம் வேண்டாம். துளையைக் கம்பிப் பிரஷால் தேய்த்து ஆல்கஹாலில் துடைத்து, எபாக்ஸி இரண்டு பாகமும் சமமாகக் கலந்து ஒட்டி, 24 மணி நேரம் தொடாதீர்கள்.